பட்டன் செய்யத் தெரிந்தவரை வெளியே நிறுத்தாதீர்கள்: இணையத் துறையில் ஆள் எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எச்.ஆர். மேலாளர்களுக்கும், தொழில்நுட்பத் தலைவர்களுக்கும், இன்டர்வியூ பேனலில் உட்காருபவர்களுக்கும்,

இணையதளம் செய்கிறவர்களை வேலைக்கு எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது நீங்கள். அதனால் இந்த மடல் உங்களுக்கு. நான் பல வருடங்களாக ஃபிரன்ட்எண்ட் டெவலப்பர், அதாவது பயனர் கண்ணில் படும் பக்கங்களைச் செய்கிறவன். வேலை தேடிப் போய் உங்கள் எதிரே உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வேலை தேடி வந்தவர்களிடம் கேள்வியும் கேட்டிருக்கிறேன்.

நான் பேனலில் இருக்கும் ஒரு நிறுவனத்தில் சமீபத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். இனி ஃபிரன்ட்எண்ட் வேலைக்கு விண்ணப்பிப்பவர்களும் முதலில் ஒன்றரை மணி நேர அல்காரிதம் தேர்வு (கணக்குப் புதிர் மாதிரியான கோட் கேள்விகள்) எழுத வேண்டும். திருத்துவது மெஷின். அதில் தேறினால்தான் மனிதர்களைச் சந்திக்கலாம். விண்ணப்பத்தில் 'இதுவரை செய்த வேலைகளின் இணைப்பு' என்று ஒரு கட்டம் இருந்தது. யாரும் திறந்து பார்ப்பதில்லை என்று சொல்லி அதையும் எடுத்துவிட்டார்கள். ஏன் இந்தத் தேர்வு என்று கேட்டேன். "எல்லாரும் இப்படித்தானே எடுக்கிறார்கள்" என்று பதில் வந்தது. அந்த 'எல்லாரும்' நீங்கள்தான். அதனால் ஒரு நிறுவனத்துக்கு எழுதியிருக்க வேண்டியதை உங்கள் எல்லாருக்கும் எழுதுகிறேன்.

முதலில், வேலை என்ன என்று பேசிவிடுவோம். ஒரு சாதாரண வாரத்தில் நாங்கள் செய்வது இதுதான். பதிவுப் படிவத்தில் ஒருவர் மின்னஞ்சலைத் தப்பாகப் போட்டால் என்ன செய்தி காட்டுவது, எந்த இடத்தில் காட்டுவது, பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடர் அதைப் படித்துச் சொல்லுமா என்று பார்ப்போம். நெட்வொர்க் பாதியில் அறுந்தால் பயனர் அதுவரை தட்டியதெல்லாம் காணாமல் போகாமல் காப்போம். பணம் செலுத்தும் பட்டனைப் பதற்றத்தில் இரண்டு முறை அழுத்தினால் இரண்டு முறை பணம் போகாமல் தடுப்போம். நேற்றே மாற்றிய படம் சிலருக்கு மட்டும் இன்னும் பழையதாகவே தெரிகிறது என்று புகார் வந்தால், பழைய நகலை வைத்திருக்கும் பிரவுசர் கேஷிலா, தளத்தின் நகல்களைப் பல ஊர் சர்வர்களில் வைக்கும் சி.டி.என்.னிலா, எங்கே மாட்டிக்கொண்டிருக்கிறது என்று தேடுவோம். எப்போதோ யாரோ எழுதிவிட்டுப் போன புரோகிராம் கோட்-ஐப் படித்து, எதையும் உடைக்காமல் அதில் ஒரு வரி சேர்ப்போம். வெள்ளைப் பின்னணியில் இந்த வெளிர் சாம்பல் எழுத்தைப் படிக்க முடியவில்லை என்று டிசைனரிடம் மனஸ்தாபம் வராமல் சொல்வோம். கடைசியாகச் சொன்னதுதான் பல நாட்களில் கடினமான வேலை.

அந்த மாதிரித் தேர்வுகளில் கேட்கிற, பைனரி ட்ரீயை (ஒவ்வொரு கிளையும் இரண்டாகப் பிரியும் தரவு அமைப்பை) இடம்வலம் மாற்றித் திருப்புவது இதில் எங்கே வருகிறது?

இந்தக் கேள்வி பழசு என்று உங்களுக்கே தெரியும். மேக் கணினியில் மென்பொருள் நிறுவ உலகம் முழுக்க டெவலப்பர்கள் பயன்படுத்தும் ஹோம்ப்ரூவை எழுதிய மேக்ஸ் ஹோவலை கூகுள் நிராகரித்தது. கூகுள் பொறியாளர்களில் பெரும்பாலானவர்கள் நான் எழுதிய மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள், ஆனால் வெள்ளைப் பலகையில் என்னால் பைனரி ட்ரீயைத் திருப்ப முடியவில்லை என்பதால் எனக்கு வேலை இல்லையாம் என்று 2015-இல் அவர் வெடித்தார். துறை முழுக்கப் பேசியது, சிரித்தது. அப்புறம் அதே கேள்வியை இன்னும் அதிகமாகக் கேட்க ஆரம்பித்தது. முன்பு பெரிய நிறுவனங்கள் மட்டும் கேட்டதை, இப்போது நாலு பக்க இணையதளம் செய்து தரும் நிறுவனமும் கேட்கிறது.

அல்காரிதமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டேட்டாபேஸ் என்ஜின் எழுதுகிறவருக்கு, பிரவுசரின் உள்பாகம் எழுதுகிறவருக்கு, வரைபடத்தில் வழி கண்டுபிடிக்கும் மென்பொருள் எழுதுகிறவருக்கு அது அன்றாடத் தேவை. அவர்களிடம் தாராளமாகக் கேளுங்கள். எங்களிடமும், ஒரு லூப்புக்குள் (திரும்பத் திரும்ப ஓடும் கட்டளைக்குள்) இன்னொரு லூப்பைப் போட்டால் பட்டியல் பெரிதாகும்போது என்ன ஆகும் என்று கேட்பது நியாயம். அதைத் தாண்டிக் கேட்பதற்கு, அந்த வேலையில் அது எங்கே தேவைப்படும் என்று உங்களால் ஓர் உதாரணமாவது சொல்ல முடிய வேண்டும்.

அந்தப் புதுத் தேர்வு வந்தபின், அதில் கிட்டத்தட்ட முழு மதிப்பெண் வாங்கிய ஒருவர் என் முன்னால் வந்தார். அவருக்கு ஒரு சின்ன வேலை கொடுத்தேன். பட்டனை அழுத்தினால் ஒரு பெட்டி திறக்க வேண்டும், எஸ்கேப் விசையைத் தட்டினால் மூட வேண்டும். அவர் டிவ் என்ற, தனக்கென்று ஒரு வேலையும் இல்லாத பொது உறுப்பைப் போட்டு, அதில் கிளிக்கை மாட்டி, பட்டன் மாதிரி நிறம் கொடுத்து, ஓரத்தை வளைத்தார். மவுஸால் அழுத்தினால் அழகாகத் திறந்தது. டேப் விசையைத் தட்டிக்கொண்டே போனால் அந்த இடத்தில் நிற்கவே இல்லை. கையில் மவுஸ் பிடிக்க முடியாத ஒருவர் அந்தப் பக்கத்துக்கு வந்தால் அங்கேயே முடிந்தது. ஸ்கிரீன் ரீடருக்கு அப்படி ஒரு பட்டன் இருப்பதே தெரியாது. பட்டன் உறுப்பு, இணையப் பக்கங்களை எழுதும் மொழியான எச்.டி.எம்.எல்.லின் 1997-இல் வந்த 4-ஆம் பதிப்பிலேயே இருக்கிறது. அதைப் போட்டிருந்தால் டேப், என்டர், ஸ்பேஸ், ஸ்கிரீன் ரீடர் என்று எல்லாவற்றையும் பிரவுசரே பார்த்துக்கொள்ளும். அவர் ஒரு வரிகூடக் கூடுதலாக எழுத வேண்டியதில்லை.

அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கெட்டிக்காரர். லீட்கோட் என்ற கோட் புதிர்த் தளத்தில் மாதக்கணக்கில் புதிர் போட்டுப் பழகியிருந்தார், எச்.டி.எம்.எல்.லை யாரும் கேட்கப்போவதில்லை என்று அவருக்கு முன்னால் போனவர்கள் சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொன்னது சரிதான்.

அதே தேர்வு வெளியே தள்ளியவர்களில் எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணும் இருந்தார். முன்பு வேறிடத்தில் என்னோடு வேலை பார்த்தவர். ஒரு முழுத் தளத்தை மவுஸ் இல்லாமல் பயன்படுத்தும்படி மாற்றியவர். படிவத்தில் பிழை வந்தால் கர்சர் எங்கே போக வேண்டும் என்பதை எங்கள் டீமுக்கே கற்றுக்கொடுத்தவர். அவருடைய பெயர் என் மேசைக்கு வரவே இல்லை. வேலைகளின் இணைப்பைக் கொடுக்கக் கட்டம் இருந்திருந்தால் நானாவது திறந்து பார்த்திருப்பேன்.

இதன் விளைவு இணையத்தில் அப்பட்டமாகத் தெரிகிறது. வெப்எய்ம் என்ற அமைப்பு ஒவ்வொரு வருடமும் பத்து லட்சம் தளங்களின் முகப்புப் பக்கங்களைக் கருவியால் சோதிக்கிறது. 2024-இல் 95.9 சதவீதப் பக்கங்களில் அணுகல்தன்மை விதிகளை (மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளம் அமைக்கும் விதிகளை) மீறும் பிழைகள் இருந்தன. கிட்டத்தட்டப் பாதிப் பக்கங்களில் படிவக் கட்டங்களுக்கு லேபிள் இல்லை. பாதிக்கும் மேற்பட்டவற்றில் படத்தில் என்ன இருக்கிறது என்று ஸ்கிரீன் ரீடருக்குச் சொல்லும் மாற்று உரை இல்லை. வருடா வருடம் பட்டியலின் உச்சியில் இருப்பவை கண்ணுக்கே தெரியாத நுட்பமான பிழைகள் இல்லை: மங்கலான எழுத்து, லேபிள் இல்லாத கட்டம், உள்ளே ஒன்றும் இல்லாத பட்டன். ஒரு மதியத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். இந்தக் குறைக்கு டிசைன், காலக்கெடு, நிர்வாகம் என்று வேறு பல காரணங்களும் உண்டு. ஆனாலும் வாசலில் இதை யாரும் கேட்பதில்லை என்பதற்கு இதில் பங்கு இல்லை என்று சொல்லிவிட முடியாது.

புதியவர்கள் என்னிடம் என்ன படிப்பது என்று கேட்கும்போது முன்பெல்லாம் தயங்காமல் சொல்வேன். பிரவுசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறையான எச்.டி.டி.பி.யைப் புரிந்துகொள்ளுங்கள், குக்கீயும் கேஷும் எப்படி வேலை செய்கின்றன என்று பாருங்கள், எச்.டி.எம்.எல்.லை முழுசாகப் படியுங்கள், பிரவுசரின் டெவலப்பர் கருவிகளில் பழகுங்கள், அடுத்தவர் கோட்-ஐப் படியுங்கள் என்பேன். இப்போது அவர்கள் திருப்பிக் கேட்கிறார்கள்: "அதெல்லாம் படித்தால் வேலை கிடைக்குமா?" வேலையில் நிலைத்து நிற்க அது உதவும், வேலைக்குள் நுழைய உதவாது என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. வேலை வாங்க ஒரு பாடத்திட்டம், வேலை பார்க்க இன்னொரு பாடத்திட்டம். இந்த இரட்டைப் படிப்பை யாரும் கேட்டு வாங்கவில்லை. உங்கள் தேர்வுமுறைதான் இதைத் திணிக்கிறது. ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களும், வேறிடம் போக நினைத்தால், பகலில் உண்மையான வேலையும் இரவில் புதிரும் என்று ஓட வேண்டியிருக்கிறது.

தேர்வு நடத்தும் முறையிலும் கோளாறு இருக்கிறது. நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகமும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்த ஆய்வு ஒன்று 2020-இல் வெளிவந்தது. 48 கணினி அறிவியல் மாணவர்களில் ஒரு பகுதியினர் வெள்ளைப் பலகையின் முன் நின்று, ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க, யோசிப்பதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே புதிரைப் போட்டார்கள். மற்றவர்கள் அதே மாதிரிப் புதிரைத் தனியறையில் போட்டார்கள். பார்வையாளர் இருந்தபோது செயல்திறன் பாதிக்கும் மேல் குறைந்தது. எண்ணிக்கை சின்னதுதான் என்றாலும் இன்னொன்றும் தெரிந்தது: பார்வையாளர் முன் நின்ற பெண்களில் ஒருவரும் தேறவில்லை, தனியறையில் எழுதிய பெண்கள் எல்லாரும் தேறினார்கள். அப்படியானால் நீங்கள் அளப்பது கோட் எழுதும் திறமையையா, முன்பின் தெரியாதவர் முறைத்துக்கொண்டிருக்கும்போது பதறாமல் இருக்கும் திறமையையா? எங்கள் வேலையில் இரண்டாவதற்குத் தேவையே வருவதில்லை. நள்ளிரவில் சர்வர் விழுந்தால்கூடப் பக்கத்தில் இருப்பவர் உதவத்தான் செய்வார், மதிப்பெண் போட மாட்டார்.

அடுத்து, உங்கள் விளம்பரங்கள். '5 வருட ரியாக்ட் அனுபவம் கட்டாயம்.' ரியாக்ட் என்பது ஒரு ஃப்ரேம்வொர்க், அதாவது இணையப் பக்கம் கட்ட உதவும் ஆயத்தக் கோட் தொகுப்பு. ஃபாஸ்ட்ஏபிஐ என்ற வெப் ஃப்ரேம்வொர்க்கை உருவாக்கிய செபாஸ்டியன் ராமிரெஸ் 2020-இல் ஒரு விளம்பரத்தைப் பார்த்தார். அதில் ஃபாஸ்ட்ஏபிஐயில் 4 வருடத்துக்கு மேல் அனுபவம் கேட்டிருந்தார்கள். என்னால் விண்ணப்பிக்க முடியாது, அதை நான் உருவாக்கியே ஒன்றரை வருடம்தான் ஆகிறது என்று அவர் எழுதினார். இதை நகைச்சுவையாகப் பகிர்ந்துகொள்கிறோம். ஆனால் இதே மாதிரி எழுதிய விளம்பரத்தால் தினமும் யாரோ ஒருவர் வடிகட்டப்படுகிறார், அவருக்கு அது நகைச்சுவை இல்லை.

வருடக் கணக்கு எதைக் காட்டுகிறது? பணியாளர் தேர்வு பற்றிய 85 வருட ஆய்வுகளைத் தொகுத்து ஷ்மிட், ஹன்டர் என்ற இரு ஆய்வாளர்கள் 1998-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒருவர் வேலையில் எப்படிச் செய்வார் என்று முன்கூட்டியே கணிப்பதில், நிஜ வேலையின் மாதிரியைச் செய்ய வைக்கும் தேர்வுக்கு 0.54, எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடும் இன்டர்வியூவுக்கு 0.51, அனுபவ வருடங்களுக்கு வெறும் 0.18. இந்த எண் 1-ஐ நெருங்க நெருங்கக் கணிப்பு துல்லியம் என்று பொருள். 2022-இல் சாக்கெட் தலைமையிலான குழு இந்தக் கணக்குகளைத் திருத்தியபோது பல எண்கள் இறங்கின. அதில் ஒரே கேள்வி, ஒரே அளவுகோல் என்று ஒழுங்கமைத்த இன்டர்வியூ முதலிடத்துக்கு வந்தது, வருடக் கணக்கு அப்போதும் அடிமட்டத்தில்தான் கிடந்தது. உங்கள் விளம்பரத்திலோ வருடக் கணக்குதான் முதல் வரி.

அதுவும் ஃப்ரேம்வொர்க் பெயரோடு சேர்த்த வருடம் இன்னும் மோசம். ரியாக்ட் வெளியானது 2013-இல். 2019 பிப்ரவரியில் அதில் ஹூக்ஸ் என்ற புது வசதி வந்தபின் அதை எழுதும் முறையே மாறியது. ஆங்குலர்ஜேஎஸ் என்ற இன்னொரு ஃப்ரேம்வொர்க் 2010-இல் வந்தது, 2016-இல் அதே பெயரின் மிச்சத்தோடு முற்றிலும் வேறான ஆங்குலர் வந்தது, 2021 முடிவோடு பழையதற்கு ஆதரவு நின்றது. பிரவுசரில் அனிமேஷனும் விளையாட்டும் ஓட்டிய ஃப்ளாஷை மட்டுமே நம்பி வளர்ந்த ஒரு தலைமுறைக்கு 2020 டிசம்பர் 31 கடைசி நாள். இத்தனைக்கும் நடுவில் எச்.டி.டி.பி., எச்.டி.எம்.எல்., சி.எஸ்.எஸ்., ஜாவாஸ்கிரிப்ட் என்ற இணையத்தின் அடித்தளங்கள் நான்கும் ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. தொண்ணூறுகளில் எழுதிய எளிய பக்கம் ஒன்று இன்றைய பிரவுசரிலும் திறக்கும். இந்த நான்கும் கைவந்தவர் ஒரு ஃப்ரேம்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குச் சில வாரங்களில் மாறிவிடுவார். எங்கள் டீமில் அப்படி மாறியவர்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் வ்யூ என்ற வேறொரு ஃப்ரேம்வொர்க்கில் வருடக்கணக்கில் பெரிய தளங்களைக் கட்டியவரை 'ரியாக்ட் இல்லை' என்று ரெஸ்யூமிலேயே ஓரங்கட்டுகிறீர்கள். ரியாக்ட்டை மட்டும் ஒரு பயிற்சி வகுப்பில் படித்து, அதற்கு அடியில் இருப்பது என்னவென்று தெரியாதவர் உள்ளே வந்துவிடுகிறார்.

வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வேலைக்கு வருகிறேன். புதிரைவிட இது மேல் என்பதை ஒத்துக்கொள்கிறேன், நிஜ வேலைக்கு அருகில் இருக்கிறது. ஆனால் நடைமுறை? 'நாலு மணி நேரம்தான் ஆகும்' என்று போட்டிருக்கும். திறந்தால் லாகின், அட்மின் பக்கம், தேடல், டெஸ்ட், டாக்கர், டெப்ளாய் செய்த (இணையத்தில் ஏற்றிய) இணைப்பு என்று நீளும். நாலு மணி நேரத்தில் நேர்மையாக நிறுத்துகிறவர் தோற்பார், இரண்டு நாள் உட்கார்ந்து மெருகேற்றியவர் ஜெயிப்பார். வீட்டில் கைக்குழந்தையோ நோயாளியோ இருக்கிறவர், ஏற்கெனவே முழுநேர வேலையில் இருக்கிறவர், இந்தப் போட்டிக்கே வர முடியாது. ஒரு நிறுவனம் எனக்குக் கொடுத்த பணி அவர்களுடைய நிஜ தளத்தின் ஒரு பக்கத்தைத் திருத்தி எழுதித் தருவது. சம்பளம் இல்லாமல். எழுதி, டெப்ளாய் செய்து, இணைப்பை அனுப்பினேன். கொஞ்ச நாள் கழித்து 'வேறு விண்ணப்பதாரர்களோடு தொடர முடிவு செய்துள்ளோம்' என்று ஒரு தானியங்கி மின்னஞ்சல். யார் யார் வந்தார்கள் என்று பதிந்து வைக்கும் சர்வர் லாகைத் திறந்து பார்த்தேன். அந்தப் பக்கத்துக்கு வந்தது நான் ஒருவன்தான்.

அதைவிட மோசம் ஒன்றுமே சொல்லாமல் விட்டுவிடுவது. மூன்று நான்கு ரவுண்டு பேசிய ஒருவருக்கு 'இல்லை' என்று ஒரு வரி எழுத நேரமில்லையா? நீங்கள் அனுப்பிய நேரத்துக்கு அவர் வரவில்லை என்றால் ரெஸ்யூமில் குறி வைக்கிறீர்கள். சம்பளமும் இதே கதைதான்: உங்கள் எண்ணைக் கடைசி ரவுண்டு வரை மறைப்பீர்கள், எங்கள் பழைய சம்பளத்தை முதல் போன் காலிலேயே கேட்பீர்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் நிறைவேற்றிய சம்பள வெளிப்படைத்தன்மைச் சட்டம், விண்ணப்பதாரருக்குச் சம்பள வரம்பை முன்பே சொல்ல வேண்டும், பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது என்கிறது. சட்டம் வந்தால்தான் செய்வோம் என்று காத்திருக்க வேண்டிய விஷயமா இது?

கடைசியாக ஏஐ. மனப்பாடப் புதிர்களை ஏஐ கருவிகள் சில நொடிகளில் போட்டுவிடுகின்றன. அதற்கு நீங்கள் கண்டுபிடித்த பதில், கேமராவில் கண் அசைவைப் பார்ப்பதும், வேறு டேபுக்குப் போனால் தகுதியிழப்பு செய்வதும். வேலையில் சேர்ந்த மறுநாள் அதே கருவியை ஏன் பயன்படுத்தவில்லை என்று கேட்கிறவர்களும் நீங்கள்தான். ஒரு மெஷின் நொடியில் முடித்துவிடும் காரியத்தை மனிதரின் தகுதிக்கு அளவுகோலாக வைத்திருப்பது ஏன் என்று யாராவது கூட்டத்தில் கேட்டிருப்பார்களா என்று தெரியவில்லை.

ரெஸ்யூமை வடிகட்டவும் மெஷினை வைத்திருக்கிறீர்கள். அமேசான் அப்படி ஒன்றைக் கட்டிப் பார்த்தது. பத்து வருட ரெஸ்யூம்களைக் கொடுத்துப் பழக்கினார்கள், அவற்றில் பெரும்பாலானவை ஆண்களுடையவை. 'பெண்கள்' என்ற சொல் வந்த ரெஸ்யூம்களை அது கீழே தள்ளக் கற்றுக்கொண்டது. கடைசியில் கைவிட்டார்கள் என்று 2018-இல் ராய்ட்டர்ஸ் எழுதியது. அவ்வளவு வசதியுள்ள நிறுவனத்துக்கே அப்படி ஆனது. நீங்கள் மாதச் சந்தாவுக்கு வாங்கிய கருவி எதைக் கற்றுவைத்திருக்கிறது என்று நீங்கள் கேட்டதுண்டா?

இன்னொரு பக்கம், ஏஐ இருக்கிறதே என்று ஃப்ரெஷர்களை எடுப்பதையே பல நிறுவனங்கள் நிறுத்திவிட்டன, அல்லது 'ஆரம்பநிலை, 3 வருட அனுபவம்' என்று விளம்பரம் போடுகின்றன. ஆரம்பநிலைக்கு அனுபவம் எங்கே வாங்குவது? ஏஐ எழுதிய கோட்-இல் எது தப்பு என்று சொல்லச் சீனியர் வேண்டும். புரொடக்ஷனில், அதாவது பயனர்கள் பயன்படுத்தும் நிஜ தளத்தில், எதையாவது உடைத்து, பக்கத்திலிருந்த ஒருவர் பொறுமையாகக் காட்டிக்கொடுத்து, அதைச் சரிசெய்து வளர்ந்தவர்தான் சீனியர் ஆகிறார். அந்தப் படியை நீங்கள் எடுத்துவிட்டால் ஐந்து வருடம் கழித்து நீங்களே சீனியர் கிடைக்கவில்லை என்று புலம்புவீர்கள்.

உங்கள் பக்க நியாயமும் எனக்குத் தெரியும். ஓர் இடத்துக்கு நூற்றுக்கணக்கில் விண்ணப்பம் வருகிறது. பாதி ரெஸ்யூம்களை ஏஐயே எழுதியிருக்கிறது. தப்பான ஆளை எடுத்தால் டீம் முழுக்கப் பாதிக்கும். ஏதோ ஒரு வடிகட்டி வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. வடிகட்டி வேலையைப் பற்றியதாக இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன். புதிர்க் கேள்விகள் எதையும் கணிப்பதில்லை என்று கூகுளின் ஆள்சேர்ப்புக்குப் பொறுப்பாக இருந்த லாஸ்லோ பாக் 2013-இலேயே பேட்டியில் சொல்லிவிட்டார். அவர் சொன்னது விமானத்தில் எத்தனை பந்து கொள்ளும் என்பது மாதிரியான கேள்விகளைப் பற்றி. அந்த வகையைத் துறை கைவிட்டது, அந்த இடத்தில் கோட் புதிரைக் கொண்டுவந்து வைத்தது.

இனி என் கோரிக்கைகள்.

விளம்பரத்தில் ஃப்ரேம்வொர்க் பெயருக்குப் பக்கத்தில் வருடம் போடுவதை நிறுத்துங்கள். வருபவர் முதல் ஆறு மாதத்தில் என்னென்ன செய்வார் என்று எழுதுங்கள். அதை உங்களால் எழுத முடியவில்லை என்றால் அந்த இடத்துக்கு ஆள் தேடும் நேரம் இன்னும் வரவில்லை. சம்பள வரம்பை விளம்பரத்திலேயே போடுங்கள், பழைய சம்பளத்தைக் கேட்காதீர்கள்.

அல்காரிதம் தேர்வுக்குப் பதில் வேலையின் மாதிரியைக் கொடுங்கள். உங்கள் தளத்தில் முன்பு வந்து நீங்கள் சரிசெய்துவிட்ட பக் (பிழை) ஏதாவது இருக்கும், அதைச் சின்னதாக்கி, உடைந்த பக்கமாகக் கொடுங்கள். ஒரு மணி நேரம் போதும். ஆவணங்களும் தேடலும் திறந்திருக்கட்டும், ஏஐ கருவியும் இருக்கட்டும். தனியாகச் செய்ய விரும்புகிறவரைத் தனியாக விடுங்கள். அப்புறம் அரைமணி நேரம் உட்கார்ந்து, ஏன் இப்படிச் செய்தீர்கள், பயனர்கள் பத்து மடங்கானால் எது முதலில் உடையும், கீபோர்டில் இது வேலை செய்யுமா என்று கேளுங்கள். கருவி எழுதியதை அப்படியே ஒட்டியவர் அங்கே தெரிந்துவிடுவார். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேளுங்கள். எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை முதல் ஆள் வருவதற்கு முன்பே எழுதி வைத்துவிடுங்கள். ஆளைப் பார்த்தபின் அளவுகோலை வளைக்காதீர்கள்.

வீட்டுக்குக் கொடுக்கும் வேலை கட்டாயம் என்றால் அதற்குக் கூலி கொடுங்கள். உங்கள் நிஜ தளத்தின் வேலையைக் கொடுக்காதீர்கள். வாங்கியதை ஒரு மனிதர் திறந்து படிக்க வேண்டும், படித்ததற்கு அடையாளமாக இரண்டு வரி எழுதி அனுப்ப வேண்டும்.

இன்டர்வியூவுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் எந்தத் தேதிக்குள் பதில் வரும் என்று முதல் நாளே சொல்லுங்கள், அந்தத் தேதியில் சொல்லுங்கள். 'இல்லை' என்றால் காரணத்தோடு.

ரெஸ்யூம் வடிகட்டும் கருவி வைத்திருந்தால் விண்ணப்பதாரரிடம் அதை மறைக்காதீர்கள். அது நிராகரித்தவற்றில் ஒரு பகுதியை மாதம் ஒருமுறை பேனலில் இருப்பவர்களிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். செய்த வேலைகளின் இணைப்புக்கான கட்டத்தைத் திரும்ப வையுங்கள். திறந்து பார்க்க ஆள் வேண்டும் என்றால் நான் வருகிறேன்.

ஒவ்வொரு டீமிலும் ஒரு ஃப்ரெஷருக்காவது இடம் வையுங்கள். அவருக்குச் சொல்லிக்கொடுக்கும் சீனியரின் நேரத்தையும் வேலையாகக் கணக்கில் எடுங்கள்.

இத்தனையும் ஒரே நாளில் முடியாது என்றால் ஒன்றை மட்டும் இந்த மாதமே செய்யுங்கள். நீங்கள் வைத்திருக்கும் அல்காரிதம் தேர்வை, ஏற்கெனவே உங்களிடம் நன்றாக வேலை பார்க்கும் ஐந்து பேருக்கு, முன்னறிவிப்போ தயாரிப்போ இல்லாமல், பெயர் போடாமல் எழுத வையுங்கள். ரூபி ஆன் ரெயில்ஸ் என்ற வெப் ஃப்ரேம்வொர்க்கை உருவாக்கிய டேவிட் ஹைன்மையர் ஹான்சனே வெள்ளைப் பலகையில் பபிள் சார்ட் (பட்டியலை வரிசைப்படுத்தும் ஆரம்பப் பாட அல்காரிதம்) எழுதச் சொன்னால் தோற்றுவிடுவேன் என்று 2017-இல் வெளிப்படையாகச் சொன்னவர், அதனால் உங்கள் ஆட்கள் கூச்சப்பட வேண்டியதில்லை. யார் தேறினார் என்று வெளியே சொல்ல வேண்டாம். அந்த ஐவரில் பெரும்பாலானோர் தோற்றால், அந்தத் தேர்வை அடுத்த விண்ணப்பதாரருக்கு அனுப்பாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் பேனலில் இருக்கும் ஒரு ஃபிரன்ட்எண்ட் டெவலப்பர்